பனையிலிருந்து இறங்கிய பாண்

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. ரொட்டிக்கும் பாணுக்கும் போகிற கோதுமை மா பெரும்பாலும் கப்பலில் வந்து இறங்கிய தானியத்தில் அரைத்தது. அப்படியிருந்தும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாலை நாலு மணிக்கு மேல் ஊர்ச் சந்திகளில் நின்றால் வெதுப்பகத்துப் போறணை அடுப்பின் வாசம் தெருவுக்கு வந்துவிடும். ஒரு காலத்தில் சைக்கிளில் பெட்டி கட்டி வந்த பாண்காரர் இப்போது ஓட்டோவில் வருகிறார். அவர் ஒலிபெருக்கியில் போடும் பேத்தோவன் மெட்டு கேட்டதும் ஒழுங்கையில் படலைகள் திறக்கின்றன. அச்சில் வார்த்த உயரமான பாணும் உண்டு. ஆனால் ஊர்க்காரர் மனம் றோஸ் பாணில்தான். தட்டையாக, மேலும் கீழும் நன்றாகச் சிவந்து, கடித்தால் சத்தம் கேட்கும் பாண் அது. சுடச்சுடப் பிய்த்து இடிச்ச சம்பலோடு தின்ன வேண்டும். ஆறிய றோஸ் பாணை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நான் தஞ்சாவூரிலிருந்து போனது வாங்கித் தின்பதற்காக மட்டும் அல்ல. எங்கள் ஊரில் தோழிகள் சிலர் சேர்ந்து வீட்டில் ரொட்டி சுடுகிறோம். கம்பு, கேழ்வரகு, சம்பா கோதுமை என்று கிடைத்த மாவையெல்லாம் கலந்து பார்த்துவிட்டோம். எட்டாமல் நின்றது ஒன்றே ஒன்று, கள். டப்பாவில் ஈஸ்ட் வருவதற்கு முன்பு இந்தியாவின் தென்கரையிலும் இலங்கையிலும் ரொட்டி மாவைப் பொங்க வைத்தது கள்தான். கோவாவில் போர்த்துக்கீசியர் ரொட்டி சுடத் தொடங்கியபோது அவர்களுக்குக் கைகொடுத்தது தென்னங்கள். தமிழ்நாட்டிலோ 1987 முதல் கள் இறக்கத் தடை. ஒரு தலைமுறையே கள் விட்டுப் புளிக்க வைத்த ஆப்பத்தின் ருசி தெரியாமல் வளர்ந்துவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் பனங்கள் இன்னும் முறையாக இறங்குகிறது, அதில் பாண் சுடுகிற ஒரு கூட்டமும் இருக்கிறது என்று உறவு வழியில் தெரியவந்ததும் பங்குனி மாதம் பார்த்துக் கிளம்பினேன். அது கள் நிறைந்து சுரக்கும் காலம்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. கடல் நன்றாயிருந்தால் நாலு மணி நேரம். இறங்கியதும் முதலில் தென்படுவது போரோடு நின்றுபோன சீமெந்து ஆலை. 1990இல் மக்களை வெளியேற்றி உயர் பாதுகாப்பு வலயமாக்கிய ஊர்கள் இவை; காணிகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உரியவர் கைக்குத் திரும்புகின்றன. கூரையில்லாத சுவர்களுக்குள் ஆலமரம் வளர்ந்து நிற்கும் வீடுகளையும் புதிதாகச் சாயம் அடித்த வீடுகளையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்துக்கொண்டே போனோம். அடுத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். 1968இல் உள்ளே சென்று வழிபடும் உரிமை கேட்டு ஒடுக்கப்பட்ட மக்கள் போராடியது இதன் வாசலில்தான். ஓட்டோக்காரத் தம்பி கோபுரத்தைக் காட்டினாரே தவிர அதைச் சொல்லவில்லை. நான் படித்திருந்தேன். கள் சீவுகிறவர்களும் அந்த மக்களில் அடக்கம்; கள்ளைத் தேடி வந்த எனக்கு அந்த வாசல் வழியில் வந்தது தற்செயலாகத் தோன்றவில்லை. தெல்லிப்பழை தாண்டி மல்லாகத்தில் மேற்கே திரும்பினால் அளவெட்டி. செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் புகையிலையும். வேலிக்கு வேலி பனை.

நான் தங்கப்போன வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை. ஊருக்கே அவர் ‘ரீச்சர்’. “வாங்கோ பிள்ளை, கப்பல் ஆட்டிப்போட்டுதோ?” என்று கேட்டபடியே என் பையை வாங்கிக்கொண்டு நேரே பின்வளவுக்கு அழைத்துப் போனார். தேநீர் பிறகுதான் வந்தது. பனையோலைக் கொட்டிலுக்குக் கீழே, இடுப்பளவு மேடையில், செங்கல்லும் புற்றுமண்ணும் குழைத்துக் கட்டிய போறணை. தளத்துக்குக் கீழே உப்பும் உடைத்த போத்தல் கண்ணாடியும் பரப்பியிருக்கிறார்கள். வாங்கிய சூட்டை எளிதில் விட்டுவிடாமல் இருக்க. இதைக் கட்ட வழிகாட்டியவர் வெதுப்பகத்தில் ஆயுள் முழுக்க வேலை செய்து ஓய்ந்த ஒருவர். எல்லோருக்கும் அவர் ‘மாமா’. கனடாவின் ஸ்காபரோவில் நெடுங்காலம் இருந்து திரும்பிவந்த ரீச்சரின் தங்கை, பல்கலைக்கழகத்தில் படிக்கும் இரண்டு பெண்கள், கைக்குழந்தையோடு பக்கத்து வீட்டுக்காரி, எல்லோரும் ஞாயிறு காலையில் கூடுகிறார்கள். பாண் கடையில் கிடைக்காமல் இல்லை. சேர்ந்து செய்வது பிடித்திருக்கிறது, அவ்வளவே. அதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்று எனக்குப் பட்டது.

விடியும் முன்பே எழுப்பிவிட்டார்கள். ஒழுங்கையில் சைக்கிள் மணி. கள் சீவுகிறவர் பிளாஸ்டிக் கானில் அன்றைக்கு இறக்கியதைக் கொண்டுவந்திருந்தார். தோளில் தளைநார், இடுப்பில் பாளைக்கத்தி. “இப்ப இறக்கினது, ரீச்சர். நுரை அடங்க முந்திக் குழைச்சுப்போடுங்கோ.” அந்த ஒரு வரியில் முழுத் தொழில்நுட்பமும் இருக்கிறது. பனம்பாளையிலிருந்து சொட்டும்போது அது வெறும் இனிப்புச் சாறு. நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அப்படியே இருக்கும், கருப்பநீர் என்று குடிக்கலாம், காய்ச்சிப் பனங்கட்டி ஆக்கலாம். சுண்ணாம்பு இல்லாவிட்டால் முட்டியிலும் காற்றிலும் உள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். பேக்கரி ஈஸ்ட் எந்த இனமோ அதே இனம் கள்ளில் தானாக வளர்கிறது. கூடவே புளிப்பூட்டும் பாக்டீரியாக்களும். அதனால் கள் விட்ட மா பொங்கவும் செய்யும், புளிக்கவும் செய்யும். டப்பா ஈஸ்ட் முதல் வேலையை மட்டும்தான் செய்யும். ஆனால் நேரம் பிந்தினால் கள் காடியாகத் திரும்பிவிடும். அதிக நேரம் வைத்த கள்ளில் பாண் சரியாகப் பொங்காது.

மூன்று கிலோ மாவில் ஒரு கிலோவை எடுத்து ஒரு லிட்டர் கள்ளில் கரைத்து மூடி வைத்தார்கள். கானின் அடியில் தங்கிய மண்டியை ரீச்சர் வழித்து எடுத்து அதிலேயே சேர்த்தார். “உதிலைதான் உயிர் கிடக்கு, எறியக் கூடாது.” ஒன்பது மணிக்குப் பார்த்தபோது சட்டி முழுக்கக் குமிழி. பழுத்த பழத்தின் வாசமும் லேசான சாராய வாசமும் எழுந்தன. பிறகுதான் மீதி மா, அறுபது கிராம் ஆனையிறவு உப்பு, கிணற்றுத் தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் எல்லாக் கிணறும். கல்சியம் மிகுந்த அந்தத் தண்ணீர் மாவின் பசைத்தன்மையை இறுக்கும், பொங்குவதையும் கொஞ்சம் தாமதமாக்கும். தஞ்சாவூரில் ஆற்றுத் தண்ணீரில் பிசைந்து பழகிய என் கைக்கு அந்த மா முரட்டுத்தனமாக இருந்தது. மாமா என் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, “அவசரப்படாதேங்கோ பிள்ளை. கொஞ்சம் விட்டிட்டுப் பிறகு பிசையுங்கோ, தானா இளகும்” என்றார். இளகியது. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தள்ளி, மடித்து, கால்சுற்றுத் திருப்பி மறுபடி தள்ளும் அவருடைய அசைவில் தோள் ஆடவே இல்லை; இடுப்பிலிருந்து வந்தது விசை. எத்தனை காணொளி பார்த்தாலும் அது வராது, அருகில் நின்று பார்த்தால்தான் வரும்.

மா எழும்பும் வரை கதை. இந்த ஊரில் கோதுமை மாவுக்கு ‘அமெரிக்கன் மா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து உதவியாகவும் கடனாகவும் வந்து குவிந்த காலத்தின் மிச்சம். 1980இலிருந்து பிரிமா நிறுவனத்தின் திருகோணமலை ஆலையில் தானியமாக இறக்கி அரைக்கிறார்கள். அதே மாவை அவித்து அரித்து இடியப்பம் பிழிகிறார்கள், புட்டு அவிக்கிறார்கள். அரிசிக்கே உரிய பதார்த்தங்களை அந்நிய தானியத்தில் அவித்துத் தன்னுடையதாக்கிக்கொண்ட சமையல் இது. பாண் மட்டும் வீட்டுக்கு வெளியே, வெதுப்பகத்து ஆண்களின் கையில் இருந்தது. விதிவிலக்காக ஒரு காலம் வந்தது, அதை ரீச்சர் சொன்னார்.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபின் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய், பெட்ரோல், பேட்டரி, சீமெந்து எதுவும் வராது. ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெயும் பஞ்சும் வைத்து எரித்த விளக்கில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். மா கப்பலில் வந்தால் உண்டு. “பிள்ளையளின்ரை பிறந்தநாளுக்கு என்ன செய்யிறது? பெரிய அலுமினியத் தாச்சியிலை மணலைக் கொட்டிக் காயவிட்டு, அதுக்கு மேலை தட்டை வைச்சு மூடி, மூடிக்கு மேலை சிரட்டைக் கரி. கேக்கும் அதிலைதான், பாணும் அதிலைதான்.” கீழ் நெருப்புக் குறைந்து மேல் நெருப்புக் கூடுதலாக இருக்க வேண்டும், மணல் கடற்கரை மணலாக இல்லாமல் கழுவி உப்புப் போன மணலாக இருக்க வேண்டும். ஒரு வீட்டில் மணல் காய்ந்தால் அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் தங்கள் மாவோடு வந்துவிடுவார்களாம், நெருப்பு வீணாகக் கூடாதென்று. இன்றைய ஞாயிற்றுக் கூட்டத்துக்கு அதுதான் அடி. 2006 ஆகஸ்டில் குடாநாட்டுக்கு வரும் ஏ9 வீதி மூடப்பட்டபோதும் 2022இல் எரிவாயு இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோதும் அந்தத் தாச்சியை மறுபடி எடுத்தேன் என்றார். போறணை கட்டும் எண்ணம் வந்தது அதற்குப் பிறகு.

பதினொரு மணிக்கு நெருப்பு மூட்டினார்கள். விறகு என்று வெட்டிய மரம் ஒன்றும் இல்லை. பனை மட்டை, கங்குமட்டை, சிரட்டை, எல்லாவற்றுக்கும் மேலாக ஊமல். பனங்கொட்டையைப் பாத்தியில் புதைத்துக் கிழங்கு எடுத்தபின் மிஞ்சும் ஓடு அது. கல் மாதிரி இருக்கும். பற்ற நேரம் பிடிக்கும், பற்றிவிட்டால் நின்று எரியும். முதலில் போறணையின் உட்கூரை கரிபிடித்துக் கறுத்தது. இரண்டு மணி நேரம் கழிந்து அந்தக் கரியே எரிந்து செங்கல் வெளுத்தது. “வெளுத்தாச் சரி” என்றார் மாமா. தணலை இழுத்து ஒதுக்கி, நீளக் கம்பில் கட்டிய ஈரச்சாக்கால் தளத்தைத் துடைத்தார். ஒரு பிடி மாவைத் தளத்தில் எறிந்தார். உடனே கருகினால் சூடு அதிகம், பொறுக்க வேண்டும். மெல்லப் பொன்னிறமாகி அப்படியே நின்றால் பாண் போகலாம். ரீச்சரின் தங்கை கனடாவிலிருந்து கொண்டுவந்த வெப்பமானி ஒன்று கொட்டிலில் தொங்குகிறது. மாமா அதன் பக்கம் திரும்பவே இல்லை. மாணவிகள்தான் அவர் மா எறியும் ஒவ்வொரு தடவையும் அளவைக் குறித்துக்கொள்கிறார்கள். அவருக்குப் பிறகு அந்தக் குறிப்பேடு வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஒரு றாத்தல் பாண் என்றால் வெந்தபின் 450 கிராம். சூட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நீராகப் போய்விடுவதால் உருண்டையை 500 கிராமுக்குக் கொஞ்சம் கூட்டியே பிடித்தோம். பாதியை அச்சில் போட்டோம், பாதியைத் தேங்காய் எண்ணெய் தடவித் தட்டையாக்கி றோஸ் பாணுக்கு. ஒன்றில் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு புழுக்கொடியல் மா சேர்த்தோம். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்து இடித்த மா அது. மாவை இழுத்துப் பிடிக்கும் பசை அதில் கிடையாது என்பதால் அதற்கு மேல் போட்டால் பாண் எழும்பாது.

வெந்துகொண்டிருக்கும்போது கள் கொண்டுவந்தவர் மத்தியானச் சீவலை முடித்துவிட்டுத் திரும்பினார். நேரே வந்து மாமாவுக்குப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்தார். ரீச்சர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “எங்கடை அம்மா வெள்ளி செவ்வாய் மச்சம் தொடாத ஆள். அப்பத்துக்குக் கள்ளு வாங்குவா. ஆனா இந்த அண்ணையின்ரை தேப்பன் படலைக்கு வெளியாலைதான் நிக்கவேணும். மேலை இருந்து அவர் ஊத்த, அம்மா சட்டியைக் கீழை பிடிப்பா. முட்டி படக் கூடாதெண்டு.” அவர் அதை மறைக்காமல், அந்த மனிதரின் முன்னாலேயே சொன்னார். அவரும் தலையாட்டினார்.

அளவெட்டிக்குப் பக்கத்துச் சுன்னாகத்திலிருந்துதான் 1966 அக்டோபர் 21ஆம் தேதி சாதிக்கொடுமைக்கு எதிரான ஊர்வலம் யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது. போலீஸ் தடியடியை மீறி நடந்தது. அதைத் தொடர்ந்து தேநீர்க் கடைப் பிரவேசம், கோயில் பிரவேசம். தேநீர்க் கடைகளில் ஒரு சாராருக்குக் குவளை, இன்னொரு சாராருக்கு வெளியே போத்தல் என்று இருந்த ஊர். கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலை வாசித்தவர்களுக்கு இது புதிதல்ல. 1970களில் சீவல் தொழிலாளருக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. கள்ளுக்கு ஒரு நியாய விலையும் தொழிலுக்கு ஒரு நிலையும் கிடைத்தது. இத்தனைக்குப் பிறகும் பாணைப் பற்றி எழுதுகிறவர்கள் போர்த்துக்கீசியரைச் சொல்கிறார்கள், அமெரிக்க மாவைச் சொல்கிறார்கள். மாவுக்கு உயிர் கொடுத்ததை நாளுக்கு இரண்டு தடவை மரமேறிக் கொண்டுவந்தவரைச் சொல்வதில்லை. வீட்டு ரொட்டி என்று நாங்கள் தஞ்சாவூரில் பெருமையாகப் பேசுவதில்கூட மாவும் அடுப்பும் கைப்பக்குவமும்தான் வருகின்றன. அளவெட்டியில் அந்த வாங்கில் அவர் உட்கார்ந்திருந்ததை நான் பாணைவிடப் பெரிதாக நினைக்கிறேன். அவருடைய மகன் மரம் ஏறுவதில்லை; வேறு தொழில் பார்க்கிறார். அதில் வருத்தப்பட எனக்கு உரிமை இல்லை.

பாண் வந்தது. கள் பாணின் நிறம் கடைப் பாணைவிட ஆழமான சிவப்பு. உள்ளே துளைகள் ஒழுங்கில்லாமல், சில பெரிது, சில சிறிது. வாயில் போட்டதும் சாராயமோ கள் வாடையோ இல்லை. சூட்டில் அது போய்விடுகிறது. இருப்பது ஒரு மெல்லிய புளிப்பு, அதற்குப் பின்னால் பனங்கட்டியை நினைவூட்டும் இனிப்பு. பக்கத்து வீட்டுக்காரி உரலில் செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் புளியும் இடித்த சம்பலை வாழையிலையில் வைத்தாள். ரீச்சரின் தங்கை சொதி வைத்திருந்தார். றோஸ் பாண் இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது. புழுக்கொடியல் பாண் உயரமாக வரவில்லை, நிறம் மண்ணிறம், மெல்ல மெல்லத்தான் அதன் ருசி தெரிந்தது: லேசான புகை, கடைசியில் நாக்கில் நிற்கும் ஒரு கசப்பு. எனக்கு அன்றைக்குச் சுட்டதில் அதுதான் முதல். மாமாவுக்குப் பிடிக்கவில்லை. “இது பாண் இல்லை, பிள்ளை. இது வேறை ஏதோ.” கள் கொண்டுவந்தவர் இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினார்.

சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய விவாதம். ஆனி தாண்டினால் பனங்கள் வற்றிவிடும். அதற்குப் பிறகு என்ன செய்வது? பளைப் பக்கத் தென்னந்தோட்டங்களிலிருந்து தென்னங்கள் எடுக்கலாம் என்றார் சீவல்காரர். தென்னங்கள்ளில் இந்தப் புளிப்பு வராது, பாண் வெளிறிப்போகும் என்று மாமா அடித்துச் சொன்னார். மாணவிகளில் ஒருத்தி இன்னொரு வழி சொன்னாள்: காலையில் கரைத்த கள் மாவில் ஒரு பிடியை எடுத்து வைத்து, தினமும் மாவும் தண்ணீரும் ஊட்டி வளர்த்தால் அடுத்த தை வரை கொண்டுபோகலாம். ஐரோப்பாவில் புளிமாவைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பது அப்படித்தான். நாங்களும் தஞ்சாவூரில் அப்படி ஒன்றை வைத்திருக்கிறோம் என்று நான் அவள் பக்கம் சேர்ந்தேன். இரண்டு மாதத்தில் பனையின் குணம் போய் மாவின் குணம் வந்துவிடும் என்று ரீச்சரின் தங்கைக்குச் சந்தேகம். குழந்தை அழத் தொடங்கியும் யாரும் விடவில்லை.

கடைசியில் ரீச்சர் தீர்ப்புச் சொன்னார். ஆடியில் ஒரு ஞாயிறு, ஒரே மா, ஒரே போறணை. ஒன்று பளைத் தென்னங்கள்ளில், மற்றது வளர்த்துவைத்த கள் மாவில். எது எதுவென்று மாமாவுக்குச் சொல்லாமல் கொடுக்க வேண்டும். மாமா ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: போறணைக்கு மா எறிந்து பார்ப்பது தான்தான்.